நால்வருக்கும் ஒரு மலை

லீவனுக்குப் பக்கவாதம் வந்தது ஏப்ரல் மாதத்தில். பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துப் பள்ளி ஒன்றில் அவன் உடற்பயிற்சி ஆசிரியன். மைதானத்தில் பையன்களை ஓடவிட்டு நின்றிருந்தபோது வாயிலிருந்த விசில் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். ஐம்பத்து நான்கு வயது. சிகரெட் கிடையாது, தொப்பை கிடையாது.

"எனக்கு வந்திருக்க வேண்டியது. அட்ரஸ் மாறி அவன்கிட்டப் போயிடுச்சு" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பாவோ சொல்லிச் சொல்லி அழுதான். பாவோவுக்குத் தொப்பை உண்டு, பெயின்ட் கடை உண்டு, லீவனைத் தவிர நெருங்கிய நண்பன் என்று வேறு யாரும் கிடையாது.

கல்லூரி நாளிலிருந்தே இவர்கள் இருவரும், இசை ஆசிரியையான வேர்லேவும் ஒரு கூட்டு. ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி விடுமுறையில் பிரான்சின் சவோய் மலையில் ஒரே ஊருக்குப் பனிச்சறுக்குக்குப் போவார்கள். லீவன் சறுக்கினால் மற்றவர்கள் நின்று பார்ப்பார்கள். பாவோவுக்குப் பயம் கிடையாது. அதைத்தான் அவன் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தான். வேர்லே நடுத்தரம், கொஞ்சம் கடினமான, சிவப்புக் குறி போட்ட பாதைகளில் அழகாக இறங்குவாள், மிகச் செங்குத்தான பாதையின் கருப்புக் குறியைப் பார்த்தால் காபி குடிக்கப் போய்விடுவாள். லீவனின் மனைவி மாக்டெல்ட் காலில் சறுக்குக் கட்டையை மாட்டுவதே இல்லை. கல்யாணமான புதிதில் லீவன் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க முயன்றான். அன்று மதியத்துக்குள் அவள் கைக்கோலை அவன்மேல் விட்டெறிந்துவிட்டு, "உனக்குப் பொண்டாட்டி வேணுமா, மாணவி வேணுமா, முடிவு பண்ணிக்கோ" என்றாள். அதற்கப்புறம் வருடாவருடம் அவள் வெயிலில் சாய்வு நாற்காலி போட்டுக் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருப்பாள்.

அக்டோபரில் லீவன் கைத்தடி இல்லாமல் நடந்தான். இடது கால் கொஞ்சம் இழுத்தது. இடது கை சட்டைப் பொத்தானோடு சண்டை போட்டது. இடப்பக்கத்திலிருந்து யாராவது வந்தால் தாமதமாகத்தான் கவனிப்பான். இருந்தாலும் நண்பர்களுக்குப் போன் போட்டு, "டாக்டர் சரின்னுட்டாரு. பிப்ரவரியில சவோய்" என்றான்.

டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் அவன் சொன்னான். மறுபாதியை மாக்டெல்ட் வேர்லேவிடம் சொன்னாள். சாய்வு குறைந்த பாதையில் மட்டும். தனியாகப் போகவே கூடாது. களைத்தால் உடனே நிறுத்த வேண்டும்.

"சவோய்ல அதுக்கெல்லாம் இடமே இல்லையே, மாக்டெல்ட். நாம தங்குற வீட்டுக்குத் திரும்பணும்னாலே சிவப்புப் பாதையிலதான் இறங்கணும்."

"அதைத்தான் நானும் சொன்னேன். 'அப்போ நான் செத்துட்டேன்னு நினைச்சுக்கோ'ங்கறான். 'உனக்கு இது கஷ்டம்'னு யாராவது வாயைத் திறந்தா அவன் எங்கயும் வரமாட்டான். வீட்டுலயே உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துட்டு இருப்பான்."

வேர்லே இதைப் பாவோவிடம் சொன்னாள். பாவோ பெயின்ட் கலக்கும் குச்சியைத் துடைத்தபடி யோசித்தான்.

"அவனுக்கு முடியாதுன்னு சொன்னாத்தானே கோவம்? நமக்கு முடியாதுன்னு சொல்லுவோம். கையில காசில்ல, இந்த வருஷம் மலிவான ஊருதான்னு சொல்லுவோம்."

"நம்புவானா?"

"பணக்காரன் ஏழைன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. பெயின்ட் கடைக்காரன் சொன்னா நம்புவாங்க."

அடுத்த சனிக்கிழமை லீவன் வீட்டில் விருந்து. பீரில் வேகவைத்த மாட்டிறைச்சியும் வறுத்த உருளைக்கிழங்கும். லீவன் மடிக்கணினியைத் திறந்து சவோய் வீட்டின் படத்தைக் காட்ட, பாவோ முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"லீவன், இந்த வருஷம் எனக்கு அவ்வளவு செலவு கட்டுப்படியாகாதுடா. வேன்ல கியர்பாக்ஸ் போயிடுச்சு."

"எனக்கும்தான்" என்றாள் வேர்லே. அவளுக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. "அதாவது எனக்கு வேன் இல்ல. கூரை. வீட்டுக் கூரை ஒழுகுது."

மாக்டெல்ட் சட்டென எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

"அதனால நான் ஒரு ஊர் பார்த்து வெச்சிருக்கேன்" என்றான் பாவோ. "ஆஸ்திரியாவுல, கால்டன்வீஸ்னு. சின்ன ஊரு. சவோய்க்கு ஆகற செலவுல பாதிதான். பாதை எல்லாம் ரொம்ப... மென்மையா இருக்குமாம்."

லீவன் அவனை உற்றுப் பார்த்தான். "மென்மையாவா? போன வருஷம் ஒரு சுலபமான நீலப் பாதையைப் பார்த்து, இதுல சறுக்கறதுக்குப் பதிலா எங்க அத்தையோட சீட்டாடலாம்னு சொன்னவன் நீ."

"வயசாகுதுல்ல?" என்றான் பாவோ. "எனக்கு இப்பல்லாம் காட்சியைப் பார்த்துக்கிட்டே போறது பிடிச்சிருக்கு."

லீவன் உருளைக்கிழங்கை நண்பர்களின் தட்டுகளில் இன்னும் கொஞ்சம் அள்ளி வைத்தான். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். விடைபெறும்போது பாவோவின் தோளை வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தான். வெளியே வந்ததும் பாவோ, "நம்பிட்டான்" என்றான்.

அவன் நம்பியதுதான் சிக்கலாயிற்று.

பத்து நாள் கழித்து லீவன் பெயின்ட் கடைக்கு வந்தான். முகத்தில் பல மாதங்களாகக் காணாத ஒரு குஷி. கடையில் வேறு யாருமில்லை.

"சவோய் போறோம்டா. அதே வீடுதான். முன்பணம் கட்டிட்டேன்."

"என்னது?"

"உன் பங்கும் வேர்லே பங்கும் என்னோடது. வாயைத் திறக்காதே."

"வேண்டாம் லீவன்."

"ஏன் வேண்டாம்?"

"அடுத்தவன் காசுல ஊர் சுத்தறது எனக்குப் பிடிக்காது."

"நான் அடுத்தவனா?" லீவனின் குரல் மாறியது. "ஆஸ்பத்திரியில ஞாயித்துக்கிழமை தவறாம வந்து எனக்கு ஷேவ் பண்ணிவிட்டியே, அப்போ நான் வேண்டாம்னு சொன்னேனா? என் முகத்தை உன் கையில குடுத்துட்டு உட்கார்ந்திருக்கல? ஒரு தடவை நான் உனக்கு ஏதாவது செய்யறேன்டா. எல்லாரும் எனக்குச் செஞ்சுக்கிட்டே இருந்தா நான் எப்படி இருக்கறது?"

பாவோ மறுத்துச் சொல்ல வேறொரு பொய்யைத் தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை. கல்லாவின்மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டான்.

"வேனுக்கு ஒண்ணும் ஆகல."

"என்ன?"

"கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு."

"வேர்லே வீட்டுக் கூரை?"

"அதுவும்தான்."

லீவன் ஜன்னல் வழியே வாசலில் நின்ற வேனைப் பார்த்தான். மறுபடி பாவோவைப் பார்த்தான். "அப்போ அந்தக் குட்டி மலை எனக்காகவா?"

பாவோ ஆமென்று தலையை ஆட்டினான்.

"மாக்டெல்டுக்குத் தெரியுமா?"

அதற்கும் ஆட்டினான்.

"என் வீட்டு மேஜையில உட்கார்ந்து, என் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கிட்டு, மூணு பேருமா சேர்ந்து எனக்கு நாடகம் போட்டிருக்கீங்க" என்றான் லீவன். "நான் மூணு ராத்திரியா, இவங்களுக்கு என்ன கஷ்டமோன்னு தூங்காமக் கிடந்தேன்."

விருட்டென்று திரும்பி நடந்தான். கதவருகே இடப்பக்கம் அடுக்கியிருந்த பெயின்ட் டப்பாக்களை அவன் கவனிக்கவில்லை. தோள் இடித்து அடுக்கு சரிந்தது. டப்பாக்கள் தரையெங்கும் உருண்டன. பாவோ ஓடிவந்தான்.

"தொடாதே" என்றான் லீவன். "நான் எடுக்கறேன்."

ஒவ்வொரு டப்பாவாகக் குனிந்து எடுத்து, வலது கையால் பழையபடி அடுக்கினான். ரொம்ப நேரம் பிடித்தது. பாவோ சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசி டப்பாவை வைத்ததும் லீவன் போய்விட்டான்.

அதன்பின் அவன் யார் போனையும் எடுக்கவில்லை. மாக்டெல்டிடம் பேச்சு உப்பைக் கேட்பதோடு நின்றது. "கத்தினாக்கூடத் தேவலை" என்று அவள் வேர்லேவிடம் சொன்னாள். சவோய் வீட்டை வேர்லேவின் தங்கை குடும்பம் எடுத்துக்கொண்டதால் முன்பணம் வீணாகவில்லை. அந்தச் செய்தியைச் சொன்னபோதும் லீவன், "சரி" என்றதோடு செய்தித்தாளுக்குள் போய்விட்டான்.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை மாக்டெல்ட் தான் வேலை பார்க்கும் மருந்துக் கடையிலிருந்து பாவோவுக்குப் போன் செய்தாள்.

"அவனோட சறுக்குக் கட்டையைக் காணோம். அவனையும் காணோம்."

பாவோவுக்கு உடனே புரிந்தது. ஒரு மணி நேரப் பயணத்தில், பெரிய கூரைக்கடியில் வருடம் முழுக்கப் பனி கொட்டி வைத்திருக்கும் சறுக்கு மண்டபம் ஒன்று உண்டு. லீவனுக்குக் கார் ஓட்ட இன்னும் அனுமதியில்லை. அப்படியானால் கட்டைகளைத் தோளில் சுமந்து ரயிலேறி, பஸ் மாறிப் போயிருக்கிறான். பாவோ கடையைச் சாத்திவிட்டு வேனை எடுத்தான்.

மண்டபத்துக் காபிக் கடையின் கண்ணாடி வழியே பார்த்தால் சரிவு முழுவதும் தெரியும். சரிவின் நடுவில் லீவன் நின்றிருந்தான். இடது பக்கம் திரும்பும்போது பழைய லீவன்தான். அதே குனிவு, அதே வளைவு. வலது பக்கம் திரும்ப முயன்றதும் உடல் ஒரு கணம் தயங்கியது, கட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின, விழுந்தான். எழுந்தான். மறுபடி இடதுபக்கம் வளைந்தான், மறுபடி விழுந்தான். சின்னக் குழந்தைகளின் வகுப்பு ஒன்று அவனைச் சுற்றிக்கொண்டு வரிசையாகக் கீழே போயிற்று.

பாவோ காபியை அப்படியே வைத்துவிட்டு, வாடகைக்குக் கட்டையும் காலணியும் வாங்கி மாட்டிக்கொண்டு மேலே போனான். லீவன் அவனைப் பார்த்தான். போகச் சொல்லவில்லை.

"வலது பக்கம் திரும்பணும்னா இடது காலை அழுத்தணும்" என்றான், மூச்சு வாங்க. "அழுத்தறேன்னு நினைக்கறேன். அது அழுத்தமாட்டேங்குது. எங்க இருக்குன்னே தெரியல."

"மெதுவா அழுத்திப் பாரேன்."

"நான் முப்பது வருஷமா பசங்களுக்குச் சொல்றதை எனக்கே சொல்லாத."

"சரி. நான் உன் இடது பக்கம் வர்றேன். யாராவது வந்தா கத்தறேன். விழறதை நீ பார்த்துக்கோ."

இருவரும் இறங்கினார்கள். லீவன் இரண்டு முறை விழுந்தான். இரண்டாம் முறை பாவோவும் அவன்மேல் தடுக்கி விழுந்தான். அவனுடைய எடை முழுக்க லீவனின் காலில்.

"எருமை! அது நல்ல காலுடா!" என்று லீவன் கத்தினான். கத்திய வேகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. பாவோவும் சிரித்தான். மேலிருந்து வந்த குழந்தைகள் வகுப்பு அவர்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

பனியில் உட்கார்ந்தபடியே லீவன் கேட்டான். "என்கிட்டயே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ வரமாட்டேன்னு சொல்லுவே."

"சொல்லியிருப்பேன். ரெண்டு நாள் கத்தியிருப்பேன். அப்புறம் வந்திருப்பேன். கத்தறதுக்குக்கூட விடமாட்டீங்களா?"

பாவோ தலை குனிந்துகொண்டான். "தப்புதான்டா."

"மாக்டெல்டையும் வேர்லேவையும் வரச்சொல்லு. ஊரை நான் பார்க்கறேன்."

அன்று மாலை நான்கு பேரும் அந்தக் காபிக் கடையிலேயே உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு பீர், நடுவில் மடிக்கணினி. லீவன் ஒரு ஊரையும் சும்மா விடவில்லை. பல்கேரியா ரொம்ப மலிவு. ஆனால் மலைக்குப் போக ஒரே ஒரு கேபிள் கார், காலையில் வரிசையில் நின்றே களைத்துவிடுவேன் என்றான். கிழக்கு பிரான்சின் வோஜ் மலை பக்கத்தில்தான், காரில் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ஆனால் பிப்ரவரியில் அங்கே பனியா மழையா என்று யாருக்கும் தெரியாது. பிரான்சிலேயே தாழ்வான ஒரு கிராமம் நல்ல விலையில் கிடைத்தது. வேர்லே வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "எளிய பாதை எல்லாம் உச்சியிலதான் ஆரம்பிக்குது. மேல காத்தடிச்சு கேபிள் காரை நிறுத்திட்டா கத்துக்கறவங்களுக்கு அன்னிக்கு ஒண்ணுமே இல்ல" என்றாள்.

"அப்போ பாவோவோட கால்டன்வீஸைக் காட்டு" என்றான் லீவன்.

பாவோ கூச்சத்தோடு திறந்தான். ஊர் ஓரத்திலேயே தொடக்கக்காரர்களுக்கு லேசான சரிவு, நின்றபடியே மேலே போக ஓடும் பட்டை. மலையின் பாதியில் கேபிள் காரின் நடு நிலையம், அதற்குக் கீழே காட்டுக்குள் இன்னொரு நிறுத்தம். நடு நிலையத்திலிருந்து காட்டு வழியே கீழே நீளமான நீலப் பாதை. அதற்கு மேலே சிவப்புப் பாதைகள், ஒரே ஒரு கருப்பு. மேலிருந்து வரும் பாதைகள் எல்லாம் நடு நிலையத்தில் வந்து சேர்ந்தன. அங்கே ஒரு சாப்பாட்டுக் குடில். தங்க ஒரு பண்ணை வீடு, கேபிள் கார் புறப்படும் இடத்துக்கு எதிர்ப்பக்கம்.

"பொய் சொல்றதுக்குக்கூட நல்லாத்தான் தேடியிருக்கே" என்றான் லீவன். "கருப்பு ஒண்ணுதானா? உனக்குப் போதாதே."

"நான் உன்கூட இருக்கேன்டா."

"நாள் பூரா நீ என் பக்கத்துலயே சுத்தினா எனக்கு இன்னொரு தடவை பக்கவாதம் வரும். காலையில நீ மேல போ. மதியம் எல்லாரும் ஒண்ணாச் சாப்பிடுவோம். என்கூட யாராவது ஒருத்தர் மாத்தி மாத்தி வாங்க. அவ்வளவுதான்."

"நான் வர்றேன்" என்றாள் மாக்டெல்ட்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"நீ சறுக்க மாட்டியே?" என்றான் லீவன்.

"கத்துக்கறேன்."

"நான் சொல்லித்தர மாட்டேன்."

"உன்னை யாரு கேட்டா? அங்க பள்ளி இருக்கு, காசு குடுத்துச் சேருவேன். சவோய்ல அதுக்குக் கேக்கற காசுல இங்க ரெண்டு பேர் கத்துக்கலாம்."

பிப்ரவரியில் கால்டன்வீஸ் போனார்கள். முதல் நாள் மாக்டெல்ட் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு ஓடும் பட்டையில் ஏறி இறங்கினாள். லீவன் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று வாயை இறுக்க மூடிக்கொண்டு பார்த்தான். முழங்காலை மடக்கு என்று சொல்லத் துடித்தது அவன் முகத்திலேயே தெரிந்தது. ஆசிரியை ஒரு சின்னப் பெண். அவள் சொன்னதையெல்லாம் மாக்டெல்ட் முறுமுறுக்காமல் செய்தாள். "என்கிட்ட மட்டும்தான் கோலை விட்டெறிவா போல" என்று அவன் வேர்லேவிடம் சொன்னான்.

இரண்டாம் நாள் லீவனுக்கு மோசமான நாள். வேர்லேவோடு நீலப் பாதையில் இறங்கியவன் பாதிக்கு முன்பே களைத்தான். இடது கால் மரக்கட்டைபோல் ஆகிவிட்டது. நிறுத்தம்வரை இறங்கி, கேபிள் காரில் மேலே திரும்பிச் சாப்பாட்டுக் குடிலில் சூப் கிண்ணத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"பசங்களை இந்த மாதிரி பாதையில நான் பின்பக்கமாவே சறுக்கிக்கிட்டு கூட்டிட்டுப் போயிருக்கேன்" என்றான். கண் கலங்கிவிட்டது. மாக்டெல்ட் ரொட்டியைப் பிய்த்து அவன் பக்கம் நகர்த்தினாள். பாவோ தன் பங்கு இனிப்பு அப்பத்தை அவன் தட்டில் வைத்தான். லீவன் இரண்டையும் தின்றான்.

மறுநாள் ஓய்வு. அதற்கடுத்த நாள் கால் கொஞ்சம் பேச்சுக் கேட்டது. வலது பக்கம் திரும்ப அவன் ஒரு வழி கண்டுபிடித்தான்: வேகத்தை நன்றாகக் குறைத்து, இரண்டு காலிலும் நின்று, அகலமாக வளைவது. பார்க்க அழகில்லை. விழவில்லை.

வெள்ளிக்கிழமை மாக்டெல்டின் ஆசிரியை அவளை நீலப் பாதைக்கு அனுப்பச் சம்மதித்தாள். கணவனும் மனைவியும் நடு நிலையத்திலிருந்து புறப்பட்டார்கள், பாவோ பின்னால். மாக்டெல்ட் கட்டைகளின் நுனியைச் சேர்த்து ஆப்புபோல வைத்துக்கொண்டு லீவனின் இடப்பக்கம் வந்தாள்.

"இடது பக்கம் ஒருத்தன்! வேகமா வர்றான்! போயிட்டான். ஒரு பொம்பளை. அவளும் போயிட்டா. இப்போ யாருமில்ல, திரும்பு."

"ரேடியோ மாதிரி கத்தாத."

"கத்தலைன்னா உனக்குத் தெரியாது. திரும்பு!"

காட்டுக்குள் முதல் பகுதியை இப்படியே கடந்தார்கள். காட்டுக்குள் இருந்த கேபிள் கார் நிறுத்தத்துக்கு அருகே பாதை கொஞ்சம் செங்குத்தாயிற்று. லீவன் ஓரமாக நின்றான். பாவோ பக்கத்தில் வந்து, அவனை நிறுத்தச் சொல்லி எப்படிப் பேசுவது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தான்.

"எனக்குப் போதும்" என்றான் லீவன். குனிந்து கட்டைகளைக் கழற்றினான். "கால் நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கறப்பவே நிறுத்திக்கறேன். நான் கேபிள் கார்ல இறங்கறேன்."

"நானும் வர்றேன்" என்றான் பாவோ.

"நீ வேண்டாம். மாக்டெல்ட் வருவா."

மாக்டெல்ட் கீழே போகும் வெள்ளைப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. தொப்பிக்குள்ளிருந்து முடி வெளியே வந்து நெற்றியில் ஒட்டியிருந்தது.

"நான் சறுக்கியே வர்றேனே" என்றாள்.

லீவன் திகைத்து அவளைப் பார்த்தான். பிறகு பாவோவைப் பார்த்தான். "இவளை விட்டுட்டு நீ முன்னால ஓடினே, உன்னைக் கொன்னுடுவேன்."

"எறும்பு மாதிரி வர்றேன்டா."

கேபிள் காரின் பெட்டி லீவனை ஏற்றிக்கொண்டு மரங்களின்மேல் மெல்ல நகர்ந்தது. அவன் இருக்கையில் உட்காராமல் கண்ணாடியோடு ஒட்டி நின்றான். கீழே பாதையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை அகல அகலமாக வளைந்தபடி மாக்டெல்ட் இறங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், வாழ்க்கையில் முதன்முறையாக மெதுவாகப் போகும் பாவோ. ஒரு திருப்பத்தில் அவள் தடுமாறினாள். லீவன் கண்ணாடியைத் தட்டினான். அவள் நிமிர்ந்துகொண்டாள். "முழங்காலை மடக்கு!" என்று அவன் கத்தினான். பெட்டிக்குள் எதிரே உட்கார்ந்திருந்த ஆஸ்திரியக் கிழவர் ஒருவர் திடுக்கிட்டுத் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டார்.